எல்லார் வீட்டிலும் 72,000

ஆய்வுத் தலைப்போடு நெறியாளர் அறைக்குப் போன அன்றைக்கே மாட்டிக்கொண்டேன். ‘அரசுப் பல்கலைக்கழகங்களில் மாணவர் நிதியுதவிப் பங்கீடு’ என்று எழுதியிருந்தேன். சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “பங்கு போடுறது யாரும்மா? பல்கலைக்கழகமா?” என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்து வைத்த தலைப்பு அது. அமெரிக்காவில் மாணவர் ஃபாஃப்சா என்று ஒரே படிவம்தான் நிரப்புகிறார். அதைப் பார்த்து, அந்நாட்டு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை எவ்வளவு (2024-25இல் அதிகபட்சம் 7,395 டாலர்), மாநிலம் தருவது, பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து போடுவது, கடன் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டிக் கடிதம் அனுப்புகிறது அங்கே இருக்கும் நிதியுதவி அலுவலகம். நம்ம ஊர்க் கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் செக்ஷன் என்றால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், எப்போதும் எரிச்சலாக இருக்கும் ஒரு அக்கா. அந்த அக்கா கையில் பணம் கிடையாது. பணம் ஆதிதிராவிடர் நலத்துறையிடம், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையிடம், புதுமைப் பெண் என்றால் சமூக நலத்துறையிடம். அக்காவின் வேலை சான்றிதழைச் சரிபார்த்து மேலே தள்ளுவது. காலையிலிருந்து சாயந்திரம் வரை “சர்வர் பிஸி” என்று காட்டும் திரையைப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

எங்கள் வீடு குடியாத்தம். அம்மா பீடி சுற்றுவார். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் தனியாக உதவி தருகிறது: இப்போது பட்டப்படிப்புக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய். அதற்கு வீட்டு வருமானம் மாதம் 10,000க்கு மேல் போகக் கூடாது. எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான) உதவித்தொகைக்கோ வருஷத்துக்கு இரண்டரை லட்சம் வரை போகலாம். ஆக, ஒரே வீட்டை ஒரு துறை ஏழை என்னும், இன்னொரு துறை இல்லை என்னும்.

இதில் வேடிக்கை வருமானச் சான்று. முன்னோட்டமாகச் சில படிவங்களை வாங்கி எக்ஸெலில் ஏற்றினேன். வருமானப் பத்தியில் மேலிருந்து கீழே 72,000, 72,000, 72,000. நடுவில் ஒரு 84,000 வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கட்டட வேலை, தோல் ஷெட், தறி, காய்கறி வண்டி எல்லாம் ஒரே வருமானம்! என் பழைய சான்றை எடுத்துப் பார்த்தால் அதிலும் 72,000. மாதம் ஆறாயிரம் என்று நைனா சொன்னார், எழுதிக் கொடுத்தார்கள். பீடிக்கும் கூலி வேலைக்கும் மாதச் சம்பளமா வருகிறது, சரியாகச் சொல்ல? இந்தப் பத்தியை வைத்துக்கொண்டு புள்ளியியல் சோதனை எதுவும் ஓட்ட முடியாது என்று சாரிடம் சொன்னேன். சிரித்தார். சிரிக்கிற விஷயமா என்று எனக்குக் கோபம்.

அப்புறம்தான் கே.வி.குப்பம் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். “யக்கா, பணம் ஏறிட்ச்சுனு காட்டுது, பாஸ்புக்ல இல்லக்கா.” போஸ்ட் மெட்ரிக்கில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேராக மாணவர் கணக்குக்கு வரும். எந்தக் கணக்கு? விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், நானும் நினைத்திருந்தேன். ஆதார் எண்ணைக் கடைசியாக எந்த வங்கியோடு இணைத்தார்களோ அங்கே போய்விடுகிறது. ஆதார் தளத்தில் பார்த்தால் வங்கியின் பெயர் வரும், கணக்கு எண் வராது. அவள் கேள்விப்பட்டே இராத பெயர்.

அவளோடு ஒரு வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர், “வேற எங்கனா கைரேகை வெச்சியாம்மா?” என்றார். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிளஸ் டூ லீவில் செல்போன் கடையில் சிம் வாங்கியபோது இரண்டு தடவை விரல் வைக்கச் சொன்னார்களாம். முதல் தடவை சரியாகப் பதியவில்லை என்றார்களாம். அந்த இரண்டாவது விரலுக்குத் திறந்த கணக்கில் மொத்தப் பணமும் நாலு மாதமாகக் கிடந்தது. இதற்குள் கல்லூரிக் கட்டணத்தை அவள் அம்மா கம்மலை வைத்துக் கட்டியாகிவிட்டது.

வெளியே வந்து வெயிலில் நின்றபடியே அடகுக் கடைக்குப் போன் போட்டு, இன்றைய தேதிக்கு வட்டியோடு எவ்வளவு என்று கேட்டாள். ராத்திரி நான் வருமானப் பத்தியை மறைத்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டேன்: பணம் எந்தக் கணக்குக்குப் போனது, எத்தனை நாள் கழித்துத் தெரிந்தது.