கம்பிக்கு எதிரே கனம்: பின் டயர் மாற்றிய கதை

ஐப்பசியும் கார்த்திகையும் தாண்டிவிட்டன. பின் சக்கரத்தில் ஒரு பஞ்சர்கூட இல்லை. சென்னையில் வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணை வழியாகத் துரைப்பாக்கம் போய்வருகிற யாரும் இதை எளிதில் நம்ப மாட்டார்கள். அலுவலகத்துக்கு என்னோடு சைக்கிளில் வருகிற நண்பரும் நம்பவில்லை; டியூபைக் கழற்றி, ஒட்டு இல்லை என்று காட்டச் சொல்கிறார். கழற்ற மாட்டேன். அந்த டயரை மறுபடி மாட்டுகிற பாடு எனக்குத்தான் தெரியும். அதைப் பற்றிக் கீழே ஆசைதீரப் புலம்பியிருக்கிறேன்.

பஞ்சர் என்றதும் எல்லோரும் ஆணி, முள், கண்ணாடி என்று அடுக்குவார்கள். நம் ஊரில் முள்ளுக்குக் குறைவில்லைதான். வெளிநாட்டுச் சைக்கிள்காரர்கள் பக்கம் பக்கமாக அழுகிற முள், நம் காலி மனைகளில் படர்ந்து கிடக்கும் அதே நெருஞ்சி. காய்ந்த சீமைக் கருவேல முள்ளும் ஆணிக்குச் சளைத்ததல்ல. ஆனால் முள் குத்தினால் கண்ணுக்குத் தெரியும். பிடுங்கிப் போட்டு ஒட்டுப் போட்டால் விஷயம் முடிந்தது. என்னைப் படுத்தியெடுத்தது கம்பி. லாரி, கார்களின் ரேடியல் டயருக்குள் எஃகுக் கம்பிகளால் ஆன பட்டை இருக்கிறது. டயர் வெடித்துச் சிதறினால் அந்தப் பட்டை நைந்து, மயிரிழை போன்ற துண்டுகளாகச் சாலையில் உதிரும். மழைத்தண்ணீர் அவற்றை அடித்துக்கொண்டு போய் இடது ஓரத்தில் சேர்த்துவைக்கும். நாம் ஓட்டுவதும் அதே இடது ஓரம்தான். போதாக்குறைக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலை வேறு. கட்டுக்கம்பித் துண்டுகளுக்குக் கேட்கவே வேண்டாம்.

சென்ற மழைக்காலத்தில், ஒரு கடையில் ஒட்டுப் போட்ட மறுநாளே காற்று இறங்கிய சக்கரத்தை எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் டியூபைத் தொடவே இல்லை. டயரைக் கையில் எடுத்தார். ஒரு துணுக்குப் பஞ்சை அதன் உட்பக்கத்தில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் பஞ்சின் இழை சிக்கி நின்றது. "எல்லோரும் டியூபில் ஓட்டையைத் தேடுகிறார்கள் தம்பி. ஓட்டை போடுகிறவன் டயரில் அல்லவா குடியிருக்கிறான்" என்றார்.

விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. டயரை அந்த இடத்தில் வெளிப்புறமாக வளைத்து விரித்த பிறகுதான் நுனி தெரிந்தது. மூக்குக் குறடால் கவ்வி இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரைப்பருக்கை அரிசி நீளம், 3 மி.மீ. இருக்கலாம். ஒரு முனை துருவேறிக் கறுத்திருந்தது. மறுமுனையில் கொஞ்சம் பொன்னிறம் மிச்சமிருந்தது. ரப்பர் இறுகப் பற்றுவதற்காக அந்தக் கம்பிகளுக்குப் பித்தளை முலாம் பூசுவார்கள். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால் போதும், ஆசாமி ரேடியல் டயரிலிருந்து வந்தவன் என்று சொல்லிவிடலாம்.

அந்தத் துண்டை ஒரு மாத்திரை உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டேன். டயர் தேடலுக்கு அதுதான் அளவுகோல்.

பஞ்சரைத் தடுக்க டயர் செய்கிறவர்கள் இரண்டு வழிகளில் போகிறார்கள். ஒன்று பின்னல், மற்றொன்று கனம். பின்னல் என்றால் கெவ்லர், வெக்ட்ரான் போன்ற உறுதியான இழைகளை நெய்து மேல்ரப்பருக்கு அடியில் பட்டையாகப் போடுவது. கான்டினென்டல் நிறுவனத்தின் ஜிபி 5000 டயரில் வெக்ட்ரான் பட்டை இருக்கிறது; அவர்களுடைய கேட்டர்ஸ்கின் டயரில் நெருக்கமான பாலியெஸ்டர் பட்டையும், பக்கச்சுவரைக் காக்கத் தனித் துணியும் உண்டு. உடைந்த பாட்டில் கண்ணாடி அறுக்க வந்தால் இவை நன்றாகவே தடுக்கும். பெட்டியில் கெவ்லர் என்று அச்சிட்டிருந்தால் குண்டே துளைக்காது என்று கடைக்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். 1965-இல் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த அந்த இழை குண்டு துளைக்காத அங்கியில் இருப்பது உண்மைதான். அங்கியில் பல அடுக்கு. டயரில் ஒன்றோ இரண்டோ. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிக்கு இழையை அறுக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு இழைக்கு நடுவே ஒதுங்கி உள்ளே போய்விடும்.

கனத்தின் கணக்கு வேறு. ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரில் மேல்ரப்பருக்குக் கீழே 5 மி.மீ. தடிமனில் நெகிழ்வான ரப்பர் அடுக்கு ஒன்று இருக்கிறது. கம்பி குத்தும், தாராளமாகக் குத்தட்டும். 3 மி.மீ. கம்பி எவ்வளவு முயன்றாலும் டியூபை எட்டாது. இது வலிமையின் விளையாட்டு அல்ல, தூரத்தின் விளையாட்டு. மாத்திரை உறையிலிருந்த துண்டை அந்தத் தடிமனோடு ஒப்பிட்டுப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். இதற்கு விலை எடையில் இருக்கிறது: 37 மி.மீ. அகலத்தில் அந்த வகை டயர் ஒன்றே ஏறக்குறைய 900 கிராம் வரும். மெல்லிய டயர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மழையில் சதுப்பு நிலத்து ஓரமாகச் சக்கரத்தைக் கழற்றிவைத்துக்கொண்டு நிற்கப்போவது அவர்கள்தான்.

கனத்த அடுக்குள்ள டயர்களை இப்போது வேறு சில நிறுவனங்களும் செய்கின்றன. நான் வாங்கியது எது என்று சொல்லப்போவதில்லை. இனி வரும் வசவுகளுக்கு ஒரு பெயர் பலியாக வேண்டாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தன் பஜார் சைக்கிள் கடைகள் பக்கம் போய் "28 அங்குல டயர்" என்று கேட்காதீர்கள். நம் பழைய கறுப்புச் சைக்கிளின் 28×1½ டயரை எடுத்து வைப்பார்கள். அதன் உள்விட்டம் 635 மி.மீ. நம் ஹைப்ரிட், ரோடு சைக்கிள்களின் 700சி டயர் 622. வெளிநாட்டுப் பெட்டியிலும் 28 என்றே போட்டிருப்பார்கள். டயரின் பக்கச்சுவரில் 37-622 என்பதுபோல் ஓர் எண் பொறித்திருக்கும்; முதலாவது அகலம், அடுத்தது உள்விட்டம். அதை மட்டும் நம்புங்கள், மற்றதெல்லாம் வெறும் பேச்சு. என் சைக்கிளில் மட்கார்டைக் கழற்றாமல் 35 மி.மீ. அகலம் வரைதான் இடம் இருக்கிறது. மட்கார்டைக் கழற்றிவிட்டு மழையில் ஓட்டுகிற வீரம் எனக்கு இல்லை.

இனி மாட்டுகிற கதை. ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறதே, அதுதான் எல்லாம். டயரின் விளிம்புக்குள் இருக்கும் கம்பி ஒரு நூலளவுகூட நீளாது. ஒரு பக்கத்து விளிம்பு பள்ளத்தில் இறங்கினால்தான் எதிர்ப்பக்கத்து விளிம்பு ரிம்மைத் தாண்ட இடம் கிடைக்கும். மெல்லிய டயர் தானாகவே பள்ளத்தில் விழுந்துவிடும். கனத்த டயர் விழாது. உள்ளே இருக்கும் ரப்பர் அடுக்கு விறைத்துக்கொண்டு விளிம்பை ரிம்மின் ஓரத்துக்கே தள்ளும். இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் ஏறும். அங்கே அழுத்தினால் இங்கே கழன்றுவிடும்.

முதல் நாள் இரவு, கூடத்துத் தரையில் உட்கார்ந்து முயன்றேன். கடைசி ஒரு சாண் விளிம்பு அசையவில்லை. கட்டைவிரல் இரண்டும் சிவந்துபோயின. "கடையில் கொடுத்து மாட்டலாமே அப்பா" என்றாள் மகள். மறுநாள் பஞ்சர் கடைப் பெரியவர் டயரைக் கையில் வாங்கி, இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஸ்க்ரூடிரைவர் போட்டால் ஏறிவிடும் தம்பி. ஆனால் உங்கள் ரிம் அலுமினியம். காயம் பட்டால் என்னைச் சொல்லக் கூடாது."

ஆகவே மொட்டை மாடி. வெறும் டயரைப் பகல் முழுக்க வெயிலில் போட்டுவைத்தேன். சென்னையில் சைக்கிள்காரனுக்கு இலவசமாகக் கிடைக்கிற கருவி அது ஒன்றுதான். மூன்று மணிக்குத் தொட்டபோது ரப்பர் இளகி, சொன்னபடி வளைந்தது. பிறகு செய்த ஒவ்வொன்றும் இந்த வகை டயரோடு போராடுகிறவர்களுக்குப் பயன்படும். டியூபின் மேல் முகப்பவுடர் தூவி, வடிவம் நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று வைத்து உள்ளே நுழைத்தேன். இரண்டாவது விளிம்பை வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, இரு கைகளாலும் இரு பக்கமும் ஏற்றிக்கொண்டு வந்து வால்வில் முடிக்க வேண்டும். தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம். வால்வு இருக்கும் இடத்தில் அதன் அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். விளிம்பு அங்கே இறங்கவே இறங்காது. எதிர்ப்பக்கத்துப் பள்ளம் காலியாக இருக்கிறது, தளர்வு அங்கிருந்துதான் வர வேண்டும்.

ஏற்றிய பகுதி திரும்பக் கழலாமல் இருக்க, பழைய டியூபை நாடாவாகக் கிழித்து இரண்டு இடங்களில் டயரையும் ரிம்மையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். வாங்கிய விலைக்கு நன்றிக்கடன் தீர்த்தது அந்தப் பழைய டியூப். கட்டியபின், எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, டயரின் இரு சுவர்களையும் விரல்களால் கிள்ளிச் சேர்த்துப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வால்வு வரை வந்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு நெல்லளவு தளர்வு கிடைக்கும். மறுபடி எதிர்ப்பக்கம் போய் இன்னொரு சுற்று. இந்த இடத்தில்தான் எல்லோரும் பொறுமையிழந்து நெம்புகோலை எடுப்பார்கள். விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே புது டியூபைக் கடித்து வைப்பதும் அப்போதுதான். சோப்புத் தண்ணீரை விளிம்பில் தடவி, உள்ளங்கை அடியால் டயரை என் பக்கமிருந்து அப்பால் உருட்டித் தள்ளினேன். 'டொப்' என்று ஏறியது. மாடியில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா என்னவோ உடைந்துவிட்டது என்று எட்டிப் பார்த்தார்.

வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி விடுவித்து, அடியில் டியூப் சிக்கவில்லை என்று பார்த்தேன். பக்கச்சுவரின் அடியில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்றும் பார்த்தேன். டயரில் இருக்கும் பெயரை வால்வுக்கு நேராக வைத்தே மாட்டினேன். அழகுக்காக அல்ல, நாளைக்கு டியூபில் ஓட்டை கண்டால், வால்விலிருந்து அளந்து டயரில் கம்பி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. விஜயநகர் மேம்பாலம் ஏறும்போது எடை தெரிகிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது இன்னும் தெரிகிறது. வேகம் பிடித்துவிட்டால் மறந்துபோகிறது. அதிர்வைக் குறைக்கக் காற்றைச் சற்று இறக்கி ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை துரைப்பாக்கம் போய்ச் சேர்ந்ததும் டயரைச் சுற்றிக் கண்ணோட்டம் விடுகிறேன். மேல்ரப்பரில் குத்தி நிற்கும் கம்பிகளைக் குண்டூசியால் நெம்பி எடுத்து அதே மாத்திரை உறையில் சேர்க்கிறேன். உறை நிறைந்துகொண்டு வருகிறது. ஒன்றுகூட உள்ளே எட்டவில்லை.

முன் சக்கரம் இன்னும் பழையபடிதான். அங்கே கனம் வேண்டாம் என்பது என் கட்சி. உடல் எடையில் பெரும்பங்கைச் சுமப்பது பின் சக்கரம். முன் சக்கரம் கிளப்பிவிடுகிற கம்பியை ஏந்திக்கொள்வதும் அதுவே. முன்னால் மெல்லிய, ஈரத்தில் வழுக்காத ரப்பர் போதும், அதற்குப் பின்னல் பட்டையே தாராளம். டயர் வாங்கிப் பரண்மேல் வைத்தாகிவிட்டது. ஆனால் ரிம்மின் ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் ரிம் நாடா நைந்து, துளை ஒன்று எட்டிப் பார்க்கிறது. அதை மாற்றாமல் புது டயர் போடுவதில் அர்த்தம் இல்லை. ரிம் நாடா வாங்கக் கடைக்குப் போனவன், அப்பாவின் பழைய கறுப்புச் சைக்கிளுக்கு டயர் விசாரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்த 635 அளவிலும் ஷ்வால்பே டெல்டா குரூஸர் என்று பாதுகாப்புப் பட்டையோடு ஒன்று வருகிறது, வெண்ணெய் நிறத்தில்கூட. நம் ஊர்க் கடைகளில் கண்ணில் படவில்லை. யாராவது வரவழைத்திருந்தால் சொல்லுங்கள், இரண்டாக வாங்கிக்கொள்கிறேன்.