காவடிப் பதிவும் கிளவுடும்

"லோட் ஷெட்டிங் வந்தா கிளவுட் ஓடுமாம்மா?"

காவடிப் பதிவை நோட்டுப் புத்தகத்திலிருந்து கிளவுடுக்கு மாற்றலாம் என்றதும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் சாட்ஸ்வர்த் கோயில் கமிட்டியில் ஓர் அங்கிள் முதலில் கேட்டது இதுதான். லோட் ஷெட்டிங் என்றால் முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு. நல்ல கேள்வி. கிளவுடின் கணினிகள் இருக்கும் டேட்டா சென்டரில் ஜெனரேட்டர் உண்டு, அது ஓடும். நின்றுபோவது நம் ரௌட்டர். அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தால் சமாளிக்கலாம்.

சரி, கிளவுட் என்றால் என்ன? இன்டர்நெட்டில் இருப்பதெல்லாம் கிளவுட் ஆகிவிடாது. அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2011இல் தந்த வரையறையைத்தான் நான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வேண்டிய கணினி வசதியை நாமே எடுத்துக்கொள்ளலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். எந்தக் கருவியிலிருந்தும் நெட் வழியே பயன்படுத்தலாம். பின்னால் இருக்கும் இயந்திரங்களைப் பலர் பகிர்கிறார்கள். தேவை கூடினால் கூட்டலாம், குறைந்தால் குறைக்கலாம். பயன்பாட்டுக்கு அளவுக்கணக்கு உண்டு. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் பெயர்கள் குவியும், அடுத்த வாரம் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். இந்த மாதிரி வேலைக்கு அது அவ்வளவு பொருத்தம்.

அடுக்குகள் மூன்று. அடியில் ஐயாஸ் (IaaS): சர்வரை மட்டும் வாடகைக்கு எடுக்கிறோம், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு பேட்ச் (திருத்தம்) போடுவதுகூட நம் தலையில்தான். அமேசானின் ஈசி2 இந்த வகை. 2006இல் வெளிவந்த அதை உருவாக்கியது கிறிஸ் பிங்க்கம் தலைமையில் கேப் டவுனில் இருந்த குழு. எங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை! நடுவில் பாஸ் (PaaS): நிரலை நாம் எழுதிக் கொடுத்தால் போதும், ஓட்டுவது அவர்கள் பாடு. மேலே சாஸ் (SaaS): கூகுள் ஷீட்ஸ், ஜிமெயில் போல மென்பொருளே தயாராகக் கிடைக்கும்.

கோயிலுக்கு சாஸ் தாராளமாகப் போதும். ஆனால் எந்த அடுக்கை எடுத்தாலும் ஒரு பொறுப்பு நம்மை விட்டுப் போகாது: தகவலை யார் பார்க்கலாம் என்பது. காவடிப் பட்டியலில் இருப்பது வெறும் பெயரும் போன் நம்பரும் அல்ல, ஒருவரின் மத நம்பிக்கையும்தான். நம் நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவில் அது சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவல். 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று வைத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், கூகுளின் பூட்டு எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை.

அதனால் கமிட்டியிடம் இரண்டே நிபந்தனை வைத்திருக்கிறேன். பதிவு எழுதுகிறவர்களுக்கு மட்டும் அனுமதி, அவர்கள் கணக்கில் பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பு. விழா முடிந்ததும் தேவையில்லாத விவரங்களை அழிப்பதை அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறோம்.