என்ஜின் மாற்றுவது சுலபம், பதிவில் அதன் எண்ணை மாற்றுவதுதான் பாடு

என் டொயோட்டா கொரொல்லா 2000ஆம் ஆண்டு வண்டி. ஈஸ்டர் திருவிழாவுக்கு, இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் உள்ள இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது என்2 நெடுஞ்சாலையில் சூடேறி நின்றுவிட்டது. அது பிறந்த புரொஸ்பெக்டன் தொழிற்சாலை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஹெட் எனும் என்ஜினின் மேல்பகுதிக்கு அடியிலுள்ள கேஸ்கெட் போய், அந்த ஹெட்டும் வளைந்துவிட்டது.

பார்த்தவர்கள் எல்லாம் "தள்ளிவிட்டுப் புதுசு எடு" என்றார்கள். வங்கி சொன்ன மாதத் தவணையைக் கேட்டதும் அந்த ஆசை போய்விட்டது. பழையது வாங்கலாம் என்றால், டர்பனில் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எந்த வண்டி முங்கி எழுந்தது என்று யார் கண்டது? என் வண்டியின் சரித்திரமாவது எனக்குத் தெரியும். தவிர, இங்கே சொந்த வண்டிக்கு வருடா வருடம் தகுதிச் சோதனை கிடையாது. கை மாறும்போதுதான் ரோட்வொர்தி என்ற அந்தச் சோதனை. இந்தியாவில் 15 வருடம் ஆனதும் ஆர்.சி. புதுப்பிக்க அலைவார்களே, அந்தத் தொல்லை இல்லை. ஆகவே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பழைய என்ஜின் ஒன்றை டர்பனின் ஜேக்கப்ஸ் பக்கம், பழைய பாகங்கள் விற்கும் ஒரு யார்டில் பிடித்தோம். என் வண்டியில் இருந்த அதே 4ஏ-எஃப்இ மாடல், 1.6 லிட்டர். சாட்ஸ்வொர்த்தில் உள்ள மெக்கானிக் அண்ணன் கையோடு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம், சோதித்து, சரி என்று தலையாட்டிவிட்டார். மாட்டும் வேலை எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: என்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள், கிளட்ச் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் சாமானை விடக் கூலி அதிகமாகும். பழைய ரேடியேட்டரைத் திரும்ப மாட்ட அண்ணன் மறுத்துவிட்டார். "முதல் என்ஜினைக் கொன்றதே அதுதான் தம்பி" என்றார்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

என்ஜின் எண் மாறினால் முதலில் திருட்டு என்ஜின் இல்லை என்று போலீஸ் கிளியரன்ஸ் வாங்க வேண்டும், அப்புறம் லைசென்ஸ் அலுவலகத்தில் பதிவைத் திருத்த வேண்டும். பலர் செய்வதில்லை. ஓட்டுகிற வரைக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. விற்கப் போகும்போது ரோட்வொர்தி சோதனையில் எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிடுவார்கள், அங்கே மாட்டிக்கொள்வீர்கள். திருட்டு என்ஜின் என்ற சந்தேகம் வந்தால் வண்டியே கையை விட்டுப் போகலாம்.

போலீஸ் பிரிவில் காலையிலேயே வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அதிகாரி ரசீதைப் பார்த்தார். யார்டுக்காரன் அதில் "டொயோட்டா 1.6 என்ஜின், ஒன்று" என்று மட்டும் எழுதியிருந்தான். எண் இல்லாத ரசீது செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நியாயமான கேள்விதான். யார்டுக்காரன்தான் வெறுப்பேற்றினான். என்ஜினை விற்கும்போது அண்ணா, அண்ணா என்று குழைந்தவன், "போன மாதப் புத்தகம் ஆபீஸில் இல்லை, முதலாளி வந்ததும் பார்க்கிறேன்" என்று இழுத்தடித்தான். கடைசியில் நானும் மெக்கானிக் அண்ணனும் போய்க் கவுண்டர் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். வேறு வாடிக்கையாளர்கள் காது கொடுக்கத் தொடங்கியதும் புத்தகம் கிடைத்துவிட்டது! எண்ணோடு புது ரசீது, இறக்குமதிக் காகிதத்தின் நகல், இரண்டிலும் முத்திரை.

அடுத்த தடவை என்ஜின் எண்ணையே படிக்க முடியவில்லை. கியர்பாக்ஸ் பக்கம், என்ஜினின் உடலான பிளாக்கின் ஓரத்தில் ஒரு சின்னத் தட்டைப் பரப்பில் அது பொறித்திருக்கும். யார்டில் அழகுக்காக வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள், அதன் மேல் கிரீஸ். பெயின்ட்டுக்கு அடியில் எண் இருந்தாலே போலீஸ் முகம் மாறும். அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்து, "சுத்தம் செய்து கொண்டு வா. ஆனால் சுரண்டாதே" என்றார். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் எண்ணை அழித்தது போல ஆகிவிடும். அண்ணன் துணியைத் தின்னரில் நனைத்து ஊற வைத்து, ஊற வைத்து, பொறுமையாகத் துடைத்தார். 4ஏ என்ற முதல் இரண்டு எழுத்தும் தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு: என்ஜின் தரையில் கிடக்கும்போதே எண்ணைத் துடைத்துப் போட்டோ எடுங்கள். அதே எண்ணை ரசீதில் எழுத வைத்து, ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள். வண்டிக்குள் இறக்கிவிட்டால் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

கிளியரன்ஸ் வந்தது. லைசென்ஸ் அலுவலகம் போன அன்று சிஸ்டம் ஆஃப்லைன். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது; ஜன்னலில் இருந்த அம்மாள் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே கையை விரித்தார். மறுமுறை போனபோது வீட்டு முகவரிச் சான்று மூன்று மாதத்துக்கு உட்பட்டதுதானா என்று தேதியைத் தடவிப் பார்த்தார், அடையாள அட்டையின் சான்றளித்த நகல் கேட்டார், எல்லாம் கொடுத்தேன். தட்டிவிட்டு அச்செடுத்து நீட்டினார்.

அங்கேயே நின்று படித்தேன். என்ஜின் எண் இடத்தில் பழைய எண் அப்படியே இருந்தது.

"அது தானாக மாறும்" என்றார். காகிதம் தானாக மாறுமா? பின்னால் வரிசை முணுமுணுத்தது, நான் நகரவில்லை. மேலதிகாரி வந்து கிளியரன்ஸைப் பார்த்து, தானே தட்டி, புதுச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. சாலைக்கு வந்து திரும்ப வரிசையில் நிற்பதை விட அந்த முணுமுணுப்பு பரவாயில்லை.

இன்ஷூரன்ஸுக்கும் நகல் அனுப்பிவிட்டேன். இப்போது புது ஷாக் அப்சார்பர், பின் சக்கர வளைவில் கடல் காற்றுத் தின்ற இடத்துக்கு வெல்டிங், மெருகேற்றிய ஹெட்லைட், ஒரு புளூடூத் ரேடியோ. கியர் லாக்கும் போட்டாயிற்று. பழைய டொயோட்டா என்றால் திருடனுக்கும் பிரியம்.

பழைய பிளாக் இன்னும் அண்ணன் கராஜில் கிடக்கிறது. எடுக்க வந்த ஸ்கிராப் கடைக்காரர் என் அடையாள அட்டை நகல் வேண்டும் என்கிறார். அது மட்டும் என்னிடம் இப்போது ஏராளம்.