சைடு வீல் வண்டி வாங்கும் முன்

6 செப்டம்பர் 2025, சனி

பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுப்பது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. எது என்பதுதான் பாக்கி. எனக்கு இரண்டு காலிலும் போலியோ பாதிப்பு. காலைத் தாங்கும் காலிபர் போட்டு, ஊன்றுகோல் வைத்து நடக்கிறேன். என்னைப் போன்றவர்களுக்குச் சாதாரண ஸ்கூட்டரில் பின்பக்கம் இரண்டு சைடு வீல் பூட்டித் தருவார்கள். வில்லிவாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கத்தில் இருக்கும் ஆபீசுக்கு இத்தனை வருஷமும் அப்படி ஒரு வண்டியில்தான் போய் வருகிறேன். இப்போது அதன் சைடு வீல்களைத் தாங்கும் சட்டத்தில் வெல்டிங் விட்டுக்கொண்டே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீரில் நின்றதிலிருந்து அது முன்போல் இல்லை.

அவசரப்பட்டு வாங்கப்போவதில்லை. புதன்கிழமை ஜிஎஸ்டி கவுன்சில் 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆக்கியிருக்கிறது. 22ஆம் தேதியிலிருந்து நடைமுறை. ஷோரூம் விலை 80,000 என்றால் அது 73,750 ஆக வேண்டும். 6,250 ரூபாய் மிச்சம். அதுவரை விசாரித்து, தெரிந்ததை இங்கே தேதி போட்டு எழுதுகிறேன். மைலேஜ் என்ன, விலை என்ன என்று கேட்டால் நூறு பேர் சொல்கிறார்கள். எனக்கு வேண்டிய கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆள் குறைவு.

9 செப்டம்பர், செவ்வாய்

வண்டி நடுவழியில் நின்றால் மற்றவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். என்னால் தள்ள முடியாது. கிக்கர் இருந்தாலும் உதைக்க முடியாது. அதனால் பேட்டரி பலவீனமானால் வண்டியே இல்லாத மாதிரிதான். "நம்பி ஓட்டலாமா" என்று நான் கேட்பதற்கு அர்த்தம், வருஷத்தில் எத்தனை முறை பழுதாகும் என்பதல்ல. பழுதானால் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் பழுதாகுமா, ஒரு போனுக்கு ஆள் வருவாரா, அன்றைக்கே உதிரி பாகம் கிடைக்குமா என்பதுதான்.

ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். ஆபீஸ் போக வர 20 கி.மீ., மாதம் 25 நாள், ஆக 500 கி.மீ. சைடு வீல் போட்டால் மைலேஜ் இறங்கும். லிட்டருக்கு 32 என்று வைத்தால் மாதம் 1,600 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகப் பெட்ரோல். வண்டி பட்டறையில் கிடந்தால் எனக்கு ஆட்டோதான். 2013இல் அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கட்டணத்துக்கே ஒரு நாள் போக வர 247 ரூபாய் ஆகிறது. இன்றைக்கு அந்த விலைக்கு யார் வருகிறார்கள்? ஆறு வேலை நாள் வண்டி நின்றால் ஒரு மாதப் பெட்ரோல் காசு போய்விடும். லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடக் கொடுக்கும் வண்டியைத் தேடி அலைவதைவிட, பட்டறையில் இரண்டு நாள் குறைவாகக் கிடக்கும் வண்டியைத் தேடுவதுதான் சிக்கனம்.

(2024 முதல் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன, சந்தோஷம். ஆனால் எங்கள் தெருவிலிருந்து நிறுத்தம் வரை ஊன்றுகோலோடு நடப்பதே பாதி நாள் வேலை.)

13 செப்டம்பர், சனி

எங்கள் பகுதி மெக்கானிக் அண்ணாவிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். இதுவரை கேட்டதில் உருப்படியான பேச்சு இதுதான்.

"இன்ஜினைப் பத்திக் கவலையே படாதீங்கம்மா. 110, 125 எதுவா இருந்தாலும் ஆயில் ஒழுங்கா மாத்தினா ஓடும். உங்களுக்குச் செலவு வைக்கிறது ரெண்டே இடம். ஒண்ணு பெல்ட் பெட்டி, ஒண்ணு சைடு வீல் சட்டம்" என்றார்.

பெல்ட் பெட்டிக்குள் டிரைவ் பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ எல்லாம் இருக்கின்றன. சாதாரண ஸ்கூட்டரில் 20,000 முதல் 25,000 கி.மீ.க்குள் பெல்ட் மாற்றச் சொல்வார்கள். சைடு வீல் சட்டத்தின் எடை, கூடுதலாக இரண்டு டயரின் உராய்வு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புவது எல்லாம் சேர்ந்து நமக்கு அது முன்னாலேயே தேயும். அண்ணா 15,000இல் பிரித்துப் பார்த்துவிடச் சொன்னார். பெல்ட் அறுந்தால் இன்ஜின் ஓடும், சக்கரம் ஓடாது. என் நிலையில் அதைவிட மோசமான பழுது இல்லை. அந்த ஒரு செலவைத் தள்ளிப்போடவே கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டேன். பேட்டரியும் அப்படித்தான். சாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும்.

அடுத்து சட்டம். நடுவில் பின்சக்கரம், இரண்டு பக்கமும் இரண்டு சக்கரம் என்று வைக்கும்போது எடை எதன் மேல் விழுகிறது என்பதுதான் விஷயம். சட்டம் விறைப்பாக இருந்து பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேடான இடத்தில் ஏறிவிட்டால், நடுச் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். வண்டி நகராது. பிரேக்கும் அந்தச் சக்கரத்தில்தான் இருக்கிறது என்றால் அதுவும் பிடிக்காது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டி, மூடி, மறுபடி தோண்டியிருக்கும் எங்கள் பக்கத்துச் சாலைகளில் இது எனக்கு நன்றாகப் பழக்கம். பக்கச் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஷாக் அப்சார்பர் இருந்து, மேடு பள்ளத்தில் அது தானாக ஏறி இறங்கினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இன்னொன்றும் சொன்னார். இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும், இது சாயாது. நம் சாலைகள் தண்ணீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் ஹேண்டில் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். மணிக்கட்டு வலிக்குக் காரணம் இதுதான். இடது பக்க டயர் சீக்கிரம் தேயவும் இதுவே காரணம். நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்று வைக்காதீர்கள், பக்கச் சக்கரத்தில் கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்றார். செலவே இல்லாத வைத்தியம்.

14 செப்டம்பர், ஞாயிறு

பெரம்பூரில் ஒருவர் தன் அண்ணன் ஓட்டிய வண்டியை விற்கிறார் என்று போய்ப் பார்த்தோம். சைடு வீலோடு, பாதி விலைக்கு. 2019 மாடல், பிஎஸ்4 (பழைய புகை விதிப்படி வந்தது), கார்புரேட்டர். தெரு மெக்கானிக் எவரும் கழற்றிப் பூட்டுவார் என்பது அதன் பலம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகளில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்; சென்சாரில் கோளாறு என்றால் ஸ்கேனர் வேண்டும். ஆசை வரத்தான் செய்தது.

ஆனால் இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகள் அதற்கேற்ற பாகங்களோடு வருகின்றன. பழையவற்றில் ரப்பர் குழாய், கேஸ்கட் போன்றவற்றைச் சீக்கிரம் மாற்ற வேண்டி வரலாம். சட்டத்தைக் குனிந்து பார்த்தால் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் துரு, அதன் மேல் புதுப் பெயிண்ட். வெள்ளத்தில் நின்றதா என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. சீட்டுக்கு அடியில் ஒயர் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே பச்சை பூத்திருந்தது. சரி, வேண்டாம் என்று வந்துவிட்டோம். சென்னையில் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கனெக்டரைக் கட்டாயம் பாருங்கள்.

18 செப்டம்பர், வியாழன்

அக்கா மகன் எலெக்ட்ரிக் எடுங்கள் சித்தி என்கிறான். இன்ஜின் ஆயில், பிளக் எதுவும் கிடையாது என்பது உண்மைதான். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வகையில் பெல்ட்டும் இல்லை, தேய்கிற பாகமே குறைவு. நியாயமான யோசனை. ஆனால் வாடகை வீட்டில் கீழே சார்ஜ் போட பிளக் பாயின்ட் இல்லை. சைடு வீல் எடையோடு சொன்ன தூரம் கிடைக்காது. பழுதானால் அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போயாக வேண்டும், எங்கள் அண்ணா கை வைக்க மாட்டார். சொந்த வீடு, தரைத்தளத்தில் பிளக், பக்கத்திலேயே சர்வீஸ் என்று இருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

சென்னை ஐஐடியில் உருவான நியோபோல்ட்டையும் பற்றிப் படித்தேன். 2021இல் வந்தது. நியோஃபிளை சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டார் வைத்த ஒரு சக்கரத்தைப் பூட்டினால் அப்படியே மூணு சக்கர வண்டியாகிவிடுகிறது. மணிக்கு 25 கி.மீ. வேகம், ஒரு சார்ஜுக்கு 25 கி.மீ. வரை. நாற்காலியை விட்டு இறங்காமலே வெளியே போய் வரலாம் என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. சக்கர நாற்காலியிலேயே இருக்கும் என் தோழிக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறேன். எனக்கு நியூ ஆவடி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே தினம் 20 கி.மீ. போக வேண்டும். அந்த வேகம் போதாது.

20 செப்டம்பர், சனி

ஸ்கூட்டர் முடிவாகிவிட்டது. 110 சிசி, முன்பக்கம் டிஸ்க் பிரேக், எங்கள் தெருவிலேயே ஐந்தாறு பேர் ஓட்டும் மாடல். இதில் எனக்கு யோசனையே இல்லை. உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் அதற்கு எல்லாம் எப்போதும் கிடைக்கும்.

உண்மையான தேர்வு சைடு வீல் பூட்டுபவர் யார் என்பதுதான். ஸ்கூட்டரை ஒரு பெரிய தொழிற்சாலை லட்சக்கணக்கில் செய்து சோதித்து அனுப்புகிறது. சட்டத்தை ஒரு பட்டறையில் நாலு பேர் வெட்டி ஒட்டுகிறார்கள். நான் விசாரித்த சைடு வீல் வண்டிக்காரர்கள் யாருமே இன்ஜினைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் சொன்னது வெல்டிங், புஷ், பேரிங்.

இரண்டு பட்டறைக்குப் போனேன். முதலாமவரிடம் வேலை பளபளவென்று இருந்தது, ரிவர்ஸ் கியர்கூட உண்டு. பேரிங் என்ன நம்பர் என்று கேட்டேன். "அதெல்லாம் எங்க சொந்த அளவு மேடம், தேய்ஞ்சா போன் பண்ணுங்க, அனுப்பி வைக்கிறோம்" என்றார். எத்தனை நாளில் என்பதற்கு உறுதியான பதில் இல்லை.

இரண்டாமவர் சின்னப் பட்டறை. அதே கேள்விக்கு, "6203. எந்தக் கடையிலயும் கேட்டு வாங்கலாம்" என்றார். பக்கச் சக்கரத்துக்கும் ஸ்கூட்டரின் அதே அளவு டயர், டியூப்லெஸ் ரிம். ஆணி குத்தினாலும் காற்று மெதுவாக இறங்கும், வீடு வந்து சேரலாம். இரண்டு பக்கமும் தனித்தனி ஷாக். ரிவர்ஸ் கியர் கிடையாது. எனக்கு அது இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூடுதலாக ஒரு கியர் பெட்டி என்றால் கூடுதலாக ஒரு ஆயில் சீல், கூடுதலாக ஒரு பழுது. வீட்டு வாசலில் திருப்ப இடம் இருக்கிறது, விட்டுவிட்டேன்.

நம்பர் சொல்லத் தெரிந்தவரிடமே கொடுக்கிறேன்.

25 செப்டம்பர், வியாழன்

காகித வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிக்காகச் செய்யும் மாற்றத்துக்கு அதில் இடம் உண்டு. ஆனால் ஆர்டிஓவில் காட்டி ஆர்.சி.யில் அப்படியே பதிந்திருக்க வேண்டும். பதியாமலே ஓட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். தயவுசெய்து பதிந்துவிடுங்கள்.

பதிந்தால் சாலை வரி விலக்கும் உண்டு. ஒரு லட்சம் வரையுள்ள இருசக்கர வண்டிக்குத் தமிழ்நாட்டில் 10 சதவீதம் வரி. 73,750க்கு அது 7,375. ஜிஎஸ்டியில் குறைந்த 6,250ஐயும் சேர்த்தால் 13,625. இந்தப் பணத்தைச் சைடு வீல் சட்டத்துக்கே போடுகிறேன். கனமான பைப், பக்கச் சக்கரங்களுக்கும் பிரேக், ஊன்றுகோல் மாட்ட ஒரு பிடி. இன்சூரன்ஸில் சட்டத்தின் விலையையும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டேன்.

4 அக்டோபர், சனி

ஆயுத பூஜைக்கு முன்னாலேயே வண்டி வந்துவிட்டது. இன்று பட்டறையில் சட்டம் பூட்டியதும் ஓட்டிப் பார்த்தேன். நான் ஏறி உட்கார்ந்த பிறகு அளக்கச் சொன்னேன், ஆள் இல்லாமல் அளந்தால் பயனில்லை. வலது பக்கம் தூக்கலாக இருந்து, கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடியது. பட்டறைக்காரர் முகம் சுளிக்காமல் கிளாம்பைத் தளர்த்திச் சரி செய்தார். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் செங்கல்லில் ஏற்றி நிறுத்தி, ஆக்சிலேட்டர் கொடுத்தேன். நடுச் சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டி நகர்ந்தது. இதைச் சோதிக்காமல் யாரும் பணத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள்.

புது சட்டம் முதல் சில நாள் அமர்ந்து கொடுக்கும், போல்ட் தளரும். 200 கி.மீ. ஓடியதும் வந்து எல்லாவற்றையும் இறுக்கிக்கொள்ளச் சொன்னார். மழை தொடங்கிவிட்டால் பேரிங்கில் கிரீஸை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆர்டிஓவில் காட்டுகிறோம். ஆபீசில் அன்றைக்கு லீவு சொல்லியாயிற்று.