முதல் ஐந்தும் பிள்ளைகளுக்காக

கனடா நீதிபதி மர்ரே சின்க்ளேர் பற்றி நேற்று இரவு நெடுநேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். பூர்வகுடி அனிஷினாபே மக்களில் ஒருவர். ஒரு வயதில் தாயை இழந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். 1988இல் மானிடோபா மாகாணத்தின் முதல் பூர்வகுடி நீதிபதி ஆனார்.

அப்புறம் வந்ததுதான் பெரிய வேலை. சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தாய்மொழியை மறக்கடித்த உறைவிடப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் தலைமை. 6,000 பேருக்கு மேல் சாட்சி சொன்னார்கள். அழுதவர்கள் கண் துடைத்த காகிதங்களை யாரும் குப்பையில் போடவில்லை. பத்திரமாகச் சேர்த்துப் புனித நெருப்பில் இட்டார்கள். அந்த வரியில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2015இல் ஆணையம் தந்த 94 பரிந்துரைகளில் முதல் ஐந்தும் குழந்தைகள் நலம் பற்றியவை. பள்ளிகள் மூடியாயிற்று, சரி. ஆனால் அங்கே வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் சிறு பிள்ளைகளில் இன்றும் பாதிக்கு மேல் பூர்வகுடிகள்தான். பிள்ளையைப் பிரிக்காமல் குடும்பத்துக்குக் கைகொடுங்கள் என்று ஆணையம் கேட்டது. பூர்வகுடிகளே தங்கள் பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் உரிமைக்கு 2019இல் சட்டமும் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் 2024 நவம்பரில், 73 வயதில், அவர் போனார்.