பிளேடு, சாயம், ரப்பர் செடி இலை: திசு ஸ்லைடு செய்யப் பழகியவரை

தாவரத் திசுவை வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்ப்பதில் முக்கால்வாசி வேலை பிளேடு பிடிக்கும் கையில் இருக்கிறது. சாயமெல்லாம் அப்புறம்தான்.

திசுவைச் சீராக, மெல்லிசாகச் சீவும் கருவியான மைக்ரோடோம் என்னிடம் இல்லை. ஒரு மாணவர் மைக்ரோஸ்கோப், சவர பிளேடு பாக்கெட், மெல்லிய பிரஷ் ஒன்று, சில வாட்ச் கிளாஸ்கள், ஸ்லைடும் கவர் ஸ்லிப்பும், கிளிசரின், இரண்டு மூன்று சாயங்கள், இவ்வளவுதான். எல்லா செக்‌ஷனும் கையால் வெட்டிய சீவல்கள். 40 எக்ஸ் அப்ஜெக்டிவில் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் பிரின்ட் எடுக்கும் ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான். தண்டின் நடுவில் உள்ள பாரன்கைமா (மெல்லிய சுவருள்ள சாதாரணத் திசு) செல் பல செடிகளில் 50 முதல் 100 மைக்ரான் அகலம் இருக்கும். ஆக, தாள் கனத்துக்கு வெட்டினாலே ஒரு செல்லுக்குக் கீழே இன்னொரு செல்லின் சுவர் நிழலாக விழுந்து படம் குழம்பிவிடும். தாளைவிட மெல்லிசாக வெட்ட வேண்டும், அதுவும் கையால்.

முடியுமா என்றால், முடிகிறது. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையில் முதன்முதலாகச் செல்களைப் பார்த்ததும் தீட்டிய பேனாக்கத்தியால் கையில் வெட்டிய சீவலில்தான்.

எனக்குக் கைகொடுத்த முறை இது. புதுப் பிளேடில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் முதலில் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செக்‌ஷன் பிளேடிலேயே ஒட்டிச் சுருளும். தண்டை வெட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் செல்கள் விறைப்பாக நிற்கும்; வாடிய தண்டு பிளேடுக்கு முன்னால் நசுங்கிவிடும். முழங்கைகள் இரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பிளேடையும் தண்டையும் நனைத்து, பிளேடின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சாய்வாக நம்மை நோக்கி இழுக்க வேண்டும். அழுத்தக் கூடாது, இழுக்க மட்டும்தான் வேண்டும். நிறுத்தாமல் வரிசையாகப் பத்துப் பதினைந்து சீவல் சீவி, எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிட்டு அதிலிருந்து பொறுக்க வேண்டும். தண்ணீரில் இருப்பதே தெரியாத அளவுக்குக் கண்ணாடி போலக் கிடப்பதுதான் நமக்கு வேண்டியது. முழு வட்டமாக வர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடலாம். ஒரு ஓரம் மட்டும் ஆப்பு மாதிரி மெலிந்து வந்தாலும், அந்த மெலிந்த ஓரத்தில் ஒரே ஒரு சைலம்–புளோயம் கற்றை முழுசாக இருந்தால், அதுதான் நல்ல செக்‌ஷன்.

பழகுவதற்கு நான் சொல்வது வெட்டுக்காயப் பூண்டுத் தண்டு. எங்கும் முளைத்துக் கிடக்கும், மென்மையாக வெட்டுப்படும், இருவித்திலைத் தண்டில் பார்க்க வேண்டியவை எல்லாம் இருக்கும். மக்காச்சோளத் தண்டும் நல்லதுதான், ஆனால் புல் குடும்பத்துச் செடிகளில் சிலிக்கா உண்டு. பிளேடு சீக்கிரம் மழுங்கும். இலையைத் தனியாகப் பிடித்து வெட்ட முடியாது. கேரட் துண்டைப் பிளந்து நடுவில் செருகி, கேரட்டோடு சேர்த்துச் சீவ வேண்டும். பலரும் உருளைக்கிழங்கைச் சொல்வார்கள். அதிலிருந்து உதிரும் ஸ்டார்ச் மணிகள் ஸ்லைடு முழுக்கப் பரவும். அயோடின் சோதனை செய்கிற நாளில் அது பெரிய தொல்லை: எந்த மணி இலையுடையது, எது கிழங்குடையது என்று பிரிக்கவே முடியாது. அதனால் நான் கேரட்டோடு நின்றுவிட்டேன்.

இனி சாயம். டொலுயிடின் ப்ளூ ஓ ஒன்றை மட்டும் வாங்கினாலும் பல மாதத்துக்கு வேலை இருக்கும். 50 மில்லிகிராம் தூளை 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தால் 0.05 சதவீதக் கரைசல். செக்‌ஷனை அதில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் விட்டு, தண்ணீரில் நன்றாக அலசி, அப்படியே ஸ்லைடில் ஏற்றிப் பார்க்கலாம். சாயம் நீலம்தான், ஆனால் திசுவில் ஏறியதும் ஒரே நிறமாக நிற்காது. லிக்னின் (செல்சுவரைக் கட்டை போல இறுக்கும் பொருள்) ஏறிய சுவர்கள் பச்சை கலந்த நீலமாகும். லிக்னின் இல்லாமல் பெக்டின் என்ற பசைப்பொருள் மிகுந்த சுவர்கள் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும். பெக்டினில் எதிர்மின் கொண்ட கார்பாக்சில் தொகுதிகள் நெருக்கமாக இருப்பதால் சாய மூலக்கூறுகள் அங்கே ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. அப்படி அடுக்கும்போது அவை உறிஞ்சும் ஒளியே மாறிவிடுகிறது. தாவரச் செல்சுவர்களுக்கு இந்தச் சாயத்தைப் பயன்படுத்தும் முறையை ஓ'பிரையன், ஃபெடர், மெக்கல்லி ஆகிய மூவரும் 1964-இல் விவரமாக எழுதினார்கள். தாவர உடற்கூறியலில் இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

வெட்டுக்காயப் பூண்டுத் தண்டில் இதைப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது. புறத்தோலுக்கு அடியில் கோலன்கைமா செல்களின் மூலைகள் மட்டும் கனத்து, அந்த மூலைகள் பளிச்சென்று ஊதாவாக இருக்கும். உள்ளே சைலம் குழாய்களின் சுவரும் கனத்ததுதான், ஆனால் அது பச்சை நீலம். இரண்டும் தண்டைத் தாங்குகிற திசுக்கள். ஒன்று இன்னும் நீண்டு வளரும் இளம் பகுதிக்கு வளைந்துகொடுக்கும் சுவர். இன்னொன்று வளர்ச்சி முடிந்து இறுகிவிட்ட சுவர். சாயம் ஏற்றாத செக்‌ஷனில் இரண்டும் வெறும் கண்ணாடிக் கோடுகள். பாடப்புத்தகத்தில் இருக்கும் வண்ணப் படத்தை அழகுக்குப் போட்ட நிறம் என்றுதான் பலரும் கடந்துபோவோம். உண்மையில் அந்த நிறம் ஒரு வேதியியல் சோதனையின் விடை. எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான்.

லிக்னினை உறுதி செய்ய ஃபுளோரோகுளூசினால் என்ற வேதிப்பொருளும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போட்டால் செர்ரிச் சிவப்பு வரும். பழைய, நம்பகமான சோதனை. ஆனாலும் நான் அதை வீட்டில் செய்வதில்லை. அந்த அமிலத்தின் ஆவி அப்ஜெக்டிவ் லென்ஸையும் உலோகத்தையும் அரிக்கும், மூச்சுக்கும் ஆகாது. டொலுயிடின் ப்ளூவே போதுமான விடை தரும்போது எதற்கு?

இதுவரை பார்த்ததில் என் மனதை முழுசாகப் பிடித்துக்கொண்டது ரப்பர் செடி இலை. தொட்டியில் வளர்ப்போமே, ஃபைகஸ் எலாஸ்டிகா, அதுதான். இலையின் மேல்பக்கப் புறத்தோல் ஓரடுக்கு அல்ல, பல அடுக்கு. அதில் அங்கங்கே ஒரு செல் மட்டும் பெரிதாக உப்பி உள்நோக்கி இறங்கியிருக்கும். அந்தச் செல்லுக்குள், மேல்சுவரிலிருந்து இறங்கும் ஒரு காம்பில், திராட்சைக் கொத்து மாதிரி ஒரு கட்டி தொங்கும். சிஸ்டோலித். கால்சியம் கார்பனேட் படிந்த கட்டி அது. பத்து எக்ஸிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு வெள்ளை வினிகர் விட்டு, எதிர் ஓரத்தில் பிளாட்டிங் பேப்பரை வைத்தால் தண்ணீர் வெளியே வர வினிகர் உள்ளே நகரும். கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். வினிகர் வந்து தொட்டதும் கட்டியின் ஓரத்தில் சின்னக் குமிழ் ஒன்று கிளம்பும், பிறகு பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் சரசரவென்று பல குமிழ்கள். கார்பன் டை ஆக்சைடு. கட்டியின் கருமையும் முண்டும் முடிச்சுமான உருவமும் கரைந்துகொண்டே போகும். எல்லாம் அடங்கிய பிறகு காம்பும், அதன் நுனியில் அதே வடிவத்தில் வெளிறிய ஒரு கூடும் மிச்சம் இருக்கும். செல்லுலோஸ் முதலான பொருள்களால் ஆன அந்தக் கூட்டின் மேல்தான் சுண்ணாம்பு படிந்திருந்தது.

இதோடு ஒப்பிடச் சேப்பங்கிழங்குச் செடியின் இலைக்காம்பை எடுத்துக்கொண்டேன். அதில் ஊசி ஊசியாகக் கட்டுக்கட்டாக இருக்கும் படிகங்கள் கால்சியம் ஆக்சலேட், ராஃபைடு. நாக்கும் தொண்டையும் அரிப்பதில் இந்த ஊசிகளுக்குப் பங்கு உண்டு. இங்கே வினிகர் எத்தனை சொட்டு விட்டாலும் ஒரு குமிழும் வராது, ஊசிகள் அப்படியே கிடக்கும். இரண்டும் கால்சியம் உப்புதான், ஒன்று கரைகிறது, ஒன்று கரையவில்லை. ஒரு சொட்டு வினிகரில் இவ்வளவு சொல்ல முடிகிறது.

அரளி இலையையும் விடாமல் பார்க்க வேண்டும். கீழ்ப்பக்கத்தில் குழிகள் இருக்கும், குழிக்குள் மயிரிழைகள், அவற்றுக்கு நடுவே ஒளிந்தாற்போல் இலைத்துளைகள். நீர் ஆவியாவதைக் குறைக்கும் அமைப்பு. மேலே உள்ள கனமான கியூட்டிகிளை டொலுயிடின் ப்ளூ சரியாகப் பிடிக்காது. அதற்கு 70 சதவீத ஆல்கஹாலில் கரைத்த சூடான் IV என்ற சாயம் வேண்டும், மெழுகுப் படலம் ஆரஞ்சு சிவப்பாகத் தெரியும். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. கையுறை போட்டு வெட்டி, பிளேடைத் தனியாக அப்புறப்படுத்திவிடுங்கள்.

நிரந்தர ஸ்லைடு செய்வது வேறு பாடம். டொலுயிடின் ப்ளூ ஆல்கஹாலில் கழன்றுபோகும். கிளிசரினில் ஏற்றிச் சுற்றிலும் நகப்பூச்சு வைத்து அடைத்தால் கொஞ்ச காலம் நிற்கும், பிறகு வெளிறும். நிலைத்து நிற்க வேண்டுமென்றால் சாஃப்ரனினும் ஃபாஸ்ட் கிரீனும். லிக்னின் சுவர்கள் சிவப்பு, செல்லுலோஸ் சுவர்கள் பச்சை. சாயம் ஏற்றிய பிறகு 50, 70, 90, 100 என்று ஆல்கஹாலை ஏற்றிக்கொண்டே போய்த் தண்ணீரை முழுக்க வெளியேற்றி, சைலீன் என்ற கரைப்பானில் தெளிய வைத்து, டிபிஎக்ஸ் என்ற பிசினில் ஏற்ற வேண்டும். ஃபாஸ்ட் கிரீன் வேகமாகப் பிடிக்கும், சில நொடிகளில் எடுத்துவிட வேண்டும். தூய எத்தனால் தனியாள் வாங்குவது எளிதல்ல. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மழைக்காலத்தில் புட்டியை மூடாமல் வைத்தால் கடைசிப் படி ஆல்கஹால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். செக்‌ஷனைச் சைலீனில் விட்டதும் பால் மாதிரி வெண்மை கிளம்பினால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். திரும்ப 100 சதவீதத்துக்குக் கொண்டுபோய்விட்டு வர வேண்டும். சைலீனை மொட்டை மாடியில் மட்டும் திறக்கிறேன்.

இப்போது மெழுகில் பதிக்கும் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். 58 டிகிரி அளவில் உருகும் பாரஃபின் மெழுகில் திசுவை ஊற வைத்து, கட்டியாக்கி, மைக்ரோடோமில் 10 மைக்ரான் நாடாக்களாக வெட்டுவது. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடங்களில் மனிதத் திசுவுக்குச் செய்வதும் அடிப்படையில் இதே வரிசைதான்; அங்கே 4, 5 மைக்ரானில் வெட்டி ஹெமட்டாக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்களை ஏற்றுவார்கள். அந்த ஹெமட்டாக்சிலினும் மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த ஒரு மரத்தின் வைரம் பாய்ந்த உட்கட்டையிலிருந்து எடுப்பது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மைக்ரோடோமுக்கு ஒரு கல்லூரித் தாவரவியல் துறையில் கேட்டிருக்கிறேன். அவர்கள் சரி என்று சொன்னதும் கட்டிகளோடு போக வேண்டும்.

மெழுகுக்கு முன்னால் திசுவைக் கெடாமல் இருக்கும்படி நிலைப்படுத்த வேண்டும். தாவர வேலையில் வழக்கமாகப் பயன்படுத்துவது எஃப்.ஏ.ஏ.: 70 சதவீத ஆல்கஹால் 90 பங்கு, ஃபார்மலின் 5, அசிட்டிக் அமிலம் 5. ஆல்கஹால் திசுவைச் சுருக்கும், அசிட்டிக் அமிலம் உப்ப வைக்கும், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்து நிறுத்தும். ஆனால் ரப்பர் செடி இலைக்கு இது ஆகாது. வினிகரில் இருப்பதும் அதே அசிட்டிக் அமிலம். சிஸ்டோலித்தின் சுண்ணாம்பு புட்டிக்குள்ளேயே கரைந்துவிடும், பிறகு எவ்வளவு அழகாக வெட்டினாலும் வெறும் கூடுதான் கிடைக்கும். அதனால் ஒரே இலையின் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை இரண்டு புட்டிகளில் போடப்போகிறேன்: ஒன்று எஃப்.ஏ.ஏ., இன்னொன்று பஃபர் சேர்த்து நடுநிலையாக்கிய 10 சதவீத ஃபார்மலின். ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் அந்தப் பகுதியை வீட்டில் செய்யப்போவதில்லை. அதையும் கல்லூரியின் புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும். புட்டிக்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துபோகும்.