சாவோ பாவுலோவின் ஒரு சதவீதம்

சில வாரங்களாகச் சாவோ பாவுலோவைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். நகரத்தை அல்ல, அந்தப் பெயருள்ள மாநிலத்தை. 4.4 கோடி மக்கள், பிரேசிலின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அடித்தளம் காப்பி. 1867இல் சான்டோஸ் துறைமுகத்துக்கு ரயில் இறங்கியது, 1888இல் அடிமைமுறை ஒழிந்தது, தோட்ட வேலைக்கு இத்தாலியர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள், 1908இல் ஜப்பானியர்களும். பணம் வந்த கதை இவ்வளவுதான். அந்தப் பணத்தில் என்ன கட்டினார்கள் என்பதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

1899இல் சான்டோஸில் பிளேக் வந்தது. அதற்கு மருந்து தயாரிக்கத் தொடங்கிய இடம்தான் 1901இல் புட்டான்டான் நிறுவனமானது. அதன் முதல் இயக்குநர் வைட்டல் பிரேசில் என்ற மருத்துவருக்குப் பாம்புக்கடிதான் பெரிய கவலை. விஷமுறிவு மருந்து செய்யப் பாம்பு வேண்டுமே, அதற்கு எங்கே போவது? தோட்டக்காரர்களுக்கு மரப்பெட்டி கொடுத்தார். பாம்பை உயிரோடு பிடித்து அதில் போட்டு ரயிலில் அனுப்பினால், பதிலுக்கு மருந்து குப்பிகள் வரும். காப்பி மூட்டைக்காகப் போட்ட தண்டவாளத்தில் பாம்புப் பெட்டியும் போனது!

அப்புறம் 1932. அரசியலமைப்பு இல்லாமல் பிரேசிலை ஆண்டுகொண்டிருந்த வர்காஸுக்கு எதிராக ஜூலை 9 அன்று மாநிலமே கிளம்பியது. போர்ச்செலவுக்கு மக்கள் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "சாவோ பாவுலோவின் நலனுக்காகத் தங்கம் கொடுத்தேன்" என்று பொறித்த சாதாரண உலோக மோதிரத்தைப் போட்டுக்கொண்டார்கள். ஆயுதம் போதாமல், இயந்திரத் துப்பாக்கி மாதிரி சத்தம் மட்டும் எழுப்பும் கருவியைக் கையால் சுழற்றினார்களாம். மூன்று மாதத்தில் தோற்றுப்போனார்கள். தோற்றவர்கள் 1934இல் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனியிலிருந்து பேராசிரியர்களை வரவழைத்து. தோல்விக்கு இப்படி ஒரு பதில் சொன்னவர்களை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சரி, தலைப்புக்கு வருகிறேன். 1947இல் எழுதிய மாநில அரசியலமைப்பிலேயே, வரி வருமானத்தில் அரை சதவீதம் ஆராய்ச்சிக்கு என்று போட்டுவிட்டார்கள். அதைக் கையாளும் ஃபாபெஸ்ப் என்ற அமைப்பு 1962இல்தான் வேலையைத் தொடங்கியது. 1989இல் அரை சதவீதம் ஒரு சதவீதமானது, மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அமைப்பின் நிர்வாகச் செலவு ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அமைச்சர் மாறினாலும் ஆட்சி மாறினாலும் ஆய்வகத்துக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். நிதிக்காக வருடக்கணக்கில் காத்திருந்த ஆய்வாளர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், அதனால் இதைப் படித்தபோது வயிறெரிந்தது, மறைக்க விரும்பவில்லை.

மாநிலத்தின் மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் இதே வழிதான், விற்பனை வரியில் மாநிலத்துக்கு வரும் பங்கில் 9.57 சதவீதம். குறை இல்லாமலில்லை. வியாபாரம் படுத்தால் பல்கலைக்கழகமும் படுக்கும். 2014 வாக்கில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு வந்த பணம் சம்பளத்துக்கே போதவில்லை.

ஆனாலும் அந்த ஒரு சதவீதம் என்ன செய்யும் என்பதற்கு ஆரஞ்சுத் தோட்டங்கள்தான் சாட்சி. இலையெல்லாம் மஞ்சள் திட்டு, காய் பெருக்காமல் கல் மாதிரி இறுகிப்போகும் ஒரு நோய். ஃபாபெஸ்ப் பணத்தில் மாநிலமெங்கும் இருந்த ஆய்வகங்கள் கைகோத்து அந்தக் கிருமியின் மரபணுத் தொகுப்பை முழுமையாகப் படித்து 2000இல் வெளியிட்டன. பயிரைத் தாக்கும் பாக்டீரியா ஒன்றை உலகில் அப்படி முழுதாகப் படித்தது அதுவே முதல் முறை.